கிளிப்பின் வாய்

"ஓம். அந்தச் செயினை நான்தான் பூட்டினன்" என்றாள் றஜனி.

பயந்ததாகத் தெரியவில்லை. கொட்டிலின் வளையில் கட்டிய கயிற்றில், பழுதுபார்க்க வந்த யாக்கோப்பின் சைக்கிள் நிமிர்ந்தபடி தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பெடலைச் சுற்றுவதைக்கூட அவள் நிறுத்தவில்லை.

வினாயகமூர்த்தி சேரின் இடது கையில் கட்டு. காலையில் கல்லடிப் பாலத்தில் செயின் கழன்று, தார் ரோட்டில் விழுந்திருந்தார். நாவற்குடாச் சந்தியில் றஜனியின் சைக்கிள் கடை நிற்கும் வளவு அவருடையது.

"பழைய செயினை வெட்டி ஒட்டுப் போட்டுத் தந்திட்டாய். நாளைக்குக் கொட்டிலைக் கழட்டிப்போடு, புள்ள."

"செயின் பழசுதான் சேர். அடிமட்டம் வெச்சி அளந்தன், இழுபடல்ல. துருப்பிடிச்ச ரெண்டு கண்ணியை மட்டும் வெட்டிப்போட்டு, புதுக் கிளிப் போட்டன். ரெண்டு மாசம் ஓடினீங்கதானே?"

சேரின் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தவன் எதிர்க்கடை உதயரூபன். இருபது வருடமாக அதே தொழில். அவன் பின் சக்கரத்தைத் தட்டிக் காட்டினான்.

"போன கிழமை நான் மாத்தின ரியூப் இது. இன்னும் கல்லுமாதிரிக் காத்து நிக்குது. இவ பூட்டின செயின் நடுப்பாலத்தில கழண்டு போச்சு. பொம்பிளைக்கு இது சரிவருமா சேர்?"

"என்ட சைக்கிள்லயும் இவ பூட்டின கிளிப்தான் கிடக்கு" என்றார் யாக்கோப்பு. "இனி நான் தோணியிலயா மார்க்கட்டுக்குப் போற?"

நின்றவர்கள் சிரித்தார்கள். சேர் சிரிக்கவில்லை.

றஜனி கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். செயினின் மேல்பக்கத்தில், இணைப்புக் கண்ணியைப் பிடித்துவைக்கும் சின்னக் கிளிப் பாதி நழுவி நின்றது. அதன் பிளந்த வாய் ஹான்டில் பக்கம் பார்த்தபடி இருந்தது.

"மேல நிக்கக்குள்ள இந்த வாய் எங்க பாக்க வேணும், உதயண்ணன்?"

"பின் சக்கரத்தைப் பாக்க வேணும். முன்னுக்குப் பார்த்தா ஓடக்குள்ள அடிபட்டுக் கழண்டிரும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

"இது முன்னுக்குத்தான் பாக்குது."

"அதைத்தானே நானும் சொல்லுறன்! கேட்டீங்களா சேர், அவட வாயாலயே வந்திட்டு!"

"சரி. பிழையாப் பூட்டின ஆள் கடையை மூடட்டும்" என்றாள் றஜனி.

யாக்கோப்பு தலையில் கைவைத்தார். அவள் டப்பாவிலிருந்து ஒரு புதுக் கிளிப்பை எடுத்து நீட்டினாள்.

"இப்ப உதயண்ணனே பூட்டிக் காட்டட்டும். நானும் பழகிக்கொள்ளுறன்."

சேர் தலையாட்டினார். உதயரூபன் சாரனை மடித்துக் கட்டினான். தன் கடையில் செய்வதைப் போலவே ஒரே தூக்கில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தான். ஹான்டிலும் சீட்டும் மணலில் புதைந்தன.

பழைய கிளிப்பை எடுத்துவிட்டு, செயினை மேல்பக்கத்துக்கு இழுத்து இணைப்பைக் கோத்தான். றஜனி கூலியாள் மாதிரிப் பிளையரை எடுத்துக் கொடுத்தாள். கிளிப்பின் வாயைப் பின் சக்கரத்தின் பக்கம் திருப்பி வைத்து, 'டிக்' என்று அழுத்தினான்.

"எல்லாரும் பாருங்க. வாய் பின்னுக்கு. இதுக்குப் பேர்தான் தொழில்."

ஆட்கள் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்கள். அவன் சைக்கிளை நிமிர்த்தி ஸ்டாண்டில் விட்டான்.

"கொட்டிலை நாளைக்கு வரைக்கும் வெச்சிருக்கத் தேவையில்ல, புள்ள" என்று சொல்லி, சேர் நல்ல கையால் ஹான்டிலைப் பிடித்தார்.

"பொறுங்க சேர். தொட வேணாம்."

றஜனி குந்தி இருந்து பெடலை மெதுவாகச் சுற்றினாள். கவிழ்த்திருந்தபோது மேலே இருந்து, நிமிர்த்தியதும் கீழே போயிருந்த கிளிப் பின் பற்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு மேலே வந்து நின்றது.

சேர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார். கிளிப்பின் வாய் ஹான்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தது. காலையில் கழன்ற கிளிப்பும் அதே பக்கம்தான் பார்த்தது.

றஜனி எழுந்து உதயரூபனின் முகத்துக்கு நேரே நின்றாள்.

"ரியூப் மாத்தச் செயினைக் கழட்டின அண்டைக்கும் இப்பிடிக் கவிழ்த்துப்போட்டுத்தானே செயினைப் பூட்டின நீங்க?"