வெட்டுப்பட்ட காது

நகராட்சியின் இலவச நாய் கருத்தடை முகாமில், ரெஜினா கூட்டிவந்த செவலை நாயின் காதை மட்டும் எழுத்தர் தூக்கிப் பார்த்தார். நுனியில் வெட்டு இருந்தது. போன முகாமில் போட்ட அடையாளம்.

“இதுக்குத்தான் ஆபரேஷன் ஆயிடுச்சேம்மா.”

“காதை மட்டும் வெட்டி அனுப்பிட்டாங்க சார். வயித்தைப் பாருங்க, இன்னிக்கோ நாளைக்கோன்னு நிக்குது.”

அவர் வயிற்றைப் பார்க்கவில்லை. பதிவேட்டைப் பார்த்தார். “ஆபரேஷன் பண்ண வயித்துல எப்படிம்மா குட்டி தங்கும்?”

பதினெட்டு வருடங்களுக்கு முன், கருத்தடைக்குப் பிறகும் வயிறு தள்ளி நின்ற ரெஜினாவிடம் அரசு மருத்துவமனையில் ஒருவர் இதையேதான் இளித்துக்கொண்டு கேட்டார். அன்று முந்தானையால் வயிற்றை மூடிக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள். இன்று, நாயின் கயிற்றைப் பிடித்திருந்த மகளை முன்னால் இழுத்துவிட்டாள்.

“இதோ, இவ தங்கின மாதிரிதான் சார்.”

மகளுக்கே அது அப்போதுதான் தெரியும்.