எடை போதாத கல்

"கல்லு பொய் சொல்லாது நைனா. எட பத்தல, அவ்ளோதான்."

பொன்னேரியில் ராசிக்கல் கடை வைத்திருக்கும் துளசிராமன் ஜெகனின் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மோதிரத்தில் பழுப்புச் சிவப்பாக ஒரு கோமேதகம்.

ஜெகன் கும்மிடிப்பூண்டியில் இரும்புத் தகடு வெட்டும் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் தொழிலாளி. மெஷின் ஆபரேட்டர் ஆகிவிட்டால் வேலை நிரந்தரம். நிரந்தரமானால்தான் மகளை அனுப்புவேன் என்று ஆரம்பாக்கத்து மாமனார் சொல்லிவிட்டார். காயத்ரி தாய்வீட்டில் இருந்தாள்.

ராகு தடுக்கிறான், கோமேதகம் போடு என்றவர் துளசிராமன். ஒரு மண்டலம் கழற்றக் கூடாது என்றவரும் அவரே.

மோதிரம் போட்ட கை மெஷினைத் தொடக் கூடாது என்பது கம்பெனி விதி. ஜெகன் கழற்ற மறுத்தான். சூப்பர்வைசர் எட்வர்ட் அவனை மெஷினுக்கு மணல் மூட்டை தூக்க அனுப்பிவிட்டு, ஆபரேட்டர் வேலையைக் கூட வேலை செய்யும் பென்னிக்குக் கொடுத்தார்.

ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்த ஜெகன் இதையெல்லாம் சொல்லி முடித்தான். துளசிராமன் அசரவில்லை.

"இது இன்னா சாதாரண கல்லா? கார்னெட் ஜாதி. பூமிக்குள்ள பாறையோட பாறையா அமுங்கி, வெந்து வந்தது. ஒடஞ்சாலும் மழுங்காது, புதுசா கூர் வரும். கண்ணாடியவே கீறும். உன் தலையெழுத்தக் கீறாதா?"

"கீறலியே."

"அதான் சொல்றேன். எட பத்தல."

பெரிய கல் பதித்த மோதிரம் ஒன்றை எடுத்தார். மாட்டிவிடப் போனவர் முகம் சுளித்தார். ஜெகனின் சட்டை, கழுத்து, புருவம் எங்கும் செந்தூள்.

"இன்னா நைனா இது, ஒடம்பெல்லாம் மண்ணு?"

"மெஷின்ல கொட்ற மணலு. தண்ணியோட சேத்து பீச்சினா இரும்பே அறுந்துடும்."

"கல்லு மேல இந்தக் கர்மம் பட்டா பவரே போயிடும்."

அவன் கையை ஈரத் துணியால் அழுத்தித் துடைத்து, துணியைத் தெருவில் உதறினார். பிறகு கண்ணை மூடி எதையோ முணுமுணுத்துக்கொண்டே புது மோதிரத்தை மாட்டினார்.

மறுநாள் தோளில் மூட்டையோடு போன ஜெகனை எட்வர்ட் நிறுத்தினார். அடுத்த வாரம் இன்னொரு மெஷின் வருகிறது, மோதிரத்தைக் கழற்றினால் அவனுக்குத்தான் என்றார்.

ஜெகனுக்குக் காயத்ரி நினைவுக்கு வந்தாள். துளசிராமனும் நினைவுக்கு வந்தார்.

"இப்போ கழட்ட முடியாது சார். நேத்துதான் புதுசா மண்டலம் ஆரம்பிச்சிருக்கு."

"பழசு இன்னா ஆச்சு?"

"எட பத்தலையாம். ஒடம்புல கார்னெட்டு இன்னும் கொஞ்சம் ஏறுனாத்தான் ராகு நகருவானாம்."

எட்வர்ட் சிரிக்கவில்லை. மூட்டையில் அச்சடித்திருந்த ஆங்கில எழுத்தை விரலால் தட்டினார்.

"தோள்ல இருக்குற இருபத்தஞ்சு கிலோவும் அந்தக் கார்னெட்டுதாம்பா."