செயலாளரின் வருகை

ஊரறிய அறிவிக்கப்படுவது என்னவென்றால், குடியிருப்போர் சங்கச் செயலாளர் தணிகாசலத்தின் பழைய பைக்கில் வருஷக்கணக்காகக் கிரீச்சிட்டுக்கொண்டிருந்த பிரேக் இன்று சரியானது. “இனிமே நீங்க வர்றதே யாருக்கும் தெரியாது சார்,” என்றான் புது பிரேக் ஷூ மாட்டிய மெக்கானிக். தெரியவில்லைதான். தான் நுழைந்தால் வீடே கப்சிப் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பெருமையடிப்பவர் வாசலில் வந்து நின்றபோது, உள்ளே டிவி அலறிக்கொண்டிருந்தது. மகன் அவரைப் போலவே தொண்டையைச் செருமி, “ஒழுங்கு! கட்டுப்பாடு!” என்றான். மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். “போதும்டா, சனியன் வர்ற நேரம். கிரீச்சுனு கேட்டதும் டிவிய அணைச்சிடு.” தணிகாசலம் வண்டியைச் சத்தமில்லாமல் தெருமுனைவரை தள்ளிக்கொண்டு போனார். மறுபடி ஓட்டிவந்து வாசலில் நிறுத்தி, வாயாலேயே “கிரீச்ச்” என்றார்.

உள்ளே டிவி அணைந்தது.