நாலாம் கதவு

"ஏம்மா, கதவு திறக்க மாட்டேங்குதே, பழுதா?"

பனி நிரவும் பலகையை ஊன்றிக்கொண்டு கேட்டான் ரேமோ. மலை உச்சியில் பனிச்சறுக்குப் பந்தயம் தொடங்கும் இடம், வரிசையாக நாலு கதவு. ஆண்கள் நாலு பேர் அப்போதுதான் சறுக்குப் பலகைகளில் பாய்ந்து போயிருந்தார்கள். அவர்கள் கிளறிவிட்ட பனியை ரேமோ அவசரமாக நிரவி முடித்திருந்தான். இப்போது அதே கதவுகளுக்குப் பின்னால் நாலு பெண்கள் நின்றார்கள்.

நாலாம் கதவில் நின்றவள் நிவெஸ், இத்தாலிக்காரி. ஹெல்மெட், பெரிய கண்ணாடி, மூக்கு வரை துணி. முகம் என்று ஒன்று வெளியே தெரியவில்லை.

"பழுதில்லை. என் ஜோடி லோரிஸ் கீழே போய்ச் சேரணும். அப்பத்தான் எனக்குத் திறக்கும்."

"அதென்ன கணக்கு?"

"வேலைக்குப் புதுசா நீங்க?"

"இந்த உச்சிக்கு இன்னிக்குத்தான் வந்தேன். இருபது வருஷமா சிமெண்ட் குழைச்சவன். குளிர்காலத்துல கட்டட வேலை இல்லை."

"அணிக்கு ஒரு ஆண், ஒரு பெண். முதல் ஆம்பளை கீழே முடிவுக் கோட்டைத் தொட்டதும் அவன் ஜோடிக்கு மட்டும் கதவு திறக்கும். மத்தவன் எத்தனை நொடி பிந்தி வர்றானோ, அவன் ஜோடி அத்தனை நொடி இங்கேயே நிக்கணும்."

"அப்ப அவன் பண்ற தப்புக்கு நீ நிக்கணும்!"

"அதேதான்" என்று சிரித்தாள். "பழகிப்போச்சு."

பக்கத்துக் குடிசையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் பிளாஸ்க்கும் கையுமாக நின்ற கூட்டாளி வேலைக்காரன் பியெரோ திடீரென்று தலையில் அடித்துக்கொண்டான்.

"போச்சு! மூணாம் வளைவுல விழுந்துட்டான் லோரிஸ்!" பிறகு ரேமோவின் காதருகே வந்து, "நான் சொல்லலை? அது சிபாரிசுல வந்த பயல். யாரோ சொந்தக்காரங்க உள்ளே இருக்காங்களாம். இன்னிக்கு மெடல் இல்லைன்னா இந்த ஜோடியைப் பிரிச்சிடப் போறாங்க, காலையில ரேடியோவுலயே சொல்லிட்டான்" என்றான்.

பியெரோவின் ரகசியம் அடுத்த மலைக்கே கேட்கும். நிவெஸுக்குக் கேட்காமலா இருக்கும்? அவள் திரும்பவில்லை.

"எழுந்தானா?" என்று மட்டும் கேட்டாள்.

"எழுந்துட்டான். ஆனா மத்த மூணு பேரும் போயாச்சே!"

"எழுந்தா வந்துடுவான்."

ரேமோவுக்கு வியப்பாக இருந்தது. கூட வேலை செய்கிறவன் மூன்றாம் மாடியில் ஒரு சட்டிக் கலவையைக் கவிழ்த்தாலே, அவன் பாட்டன் பூட்டன் வரை இழுத்து வைத்துத் திட்டுகிறவன் ரேமோ. இங்கே ஒருத்தியின் மெடலே கவிழ்ந்து கிடக்கிறது, முணுமுணுப்புக்கூட இல்லை.

"உனக்குக் கோபமே வராதா, சின்னப் பொண்ணே?"

"அவன் என்னைப் பத்து நாள் காக்க வெச்சவன். ரெண்டு நொடி என்ன பெரிசு?"

எங்கே, எதற்கு என்று கேட்க ரேமோ வாய் திறப்பதற்குள் முதல் கதவு 'டப்' என்று விழுந்தது. சுவிஸ்காரி பறந்தாள். அடுத்து கனடாக்காரி. அடுத்து பிரெஞ்சுக்காரி. நாலாம் கதவு மட்டும் அசையாமல் நின்றது. கதவின் இருபக்கக் கைப்பிடிகளையும் இறுக்கிப் பிடித்து நிவெஸ் பின்னால் சாய்ந்தாள். தானே ஓடப்போகிறவன் போல ரேமோவின் முழங்காலும் மடங்கியது.

'வாடா பயலே, வந்து தொலைடா.'

'டப்.'

அவள் இழுத்துப் பாய்ந்த வேகத்தில் பனி ரேமோவின் முகத்தில் அறைந்தது. அதைத் துடைக்காமலே டிவி தெரியும் குடிசை வாசலில் போய் நின்றான்.

முதல் வளைவில் அவள் ஒரு புள்ளி. இரண்டாவதில் கொஞ்சம் பெரிய புள்ளி. லோரிஸ் விழுந்த அதே மூன்றாம் வளைவில், அவன் சறுக்கிய தடத்தைத் தொடாமல் உள்பக்கமாக வெட்டி முன்னேறினாள். கடைசி மேட்டில் பிரெஞ்சுக்காரி உயரத் தாவினாள். நிவெஸ் தாழத் தாவி முன்னதாகவே தரை தொட்டாள். இரண்டு பலகைகளும் ஒன்றாகக் கோட்டைத் தாண்டின.

"மடோன்னா, மடோன்னா" என்று பிளாஸ்க்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டு முனகினான் பியெரோ.

கோட்டைத் தாண்டிய நொடியின் படம் திரையில் வந்தது. நிவெஸின் பலகை நுனி ஒரு கை அகலம் முன்னால். மூன்றாமிடம். வெண்கலம்!

"நாலாம் கதவுடா! நான் நிரவின பனிடா அது!" என்று ரேமோ வெளியே பனியில் குதித்தான். நிரவிய பனியெல்லாம் அவன் காலாலேயே கெட்டது. சிமெண்ட் குழைத்த இருபது வருஷத்தில் அவன் வேலை டிவியில் வந்தது இதுதான் முதல் தடவை.

திரையில் நிருபர் லோரிஸின் முன்னால் மைக்கை நீட்டினார். "உங்க ஜோடியே சிபாரிசுல அமைஞ்சதுன்னு ஒரு பேச்சு இருக்கே?"

"நல்லாக் கேட்டான்!" என்றான் பியெரோ.

"சிபாரிசு உண்மைதான்" என்றான் லோரிஸ். அவனுக்கு இன்னும் மூச்சு வாங்கியது. "ஆனா சிபாரிசு பண்ணினது நான். நாற்பத்து மூணு வயசாச்சுன்னு இவங்களைக் கழட்டப் பார்த்தாங்க. இவங்க இல்லைன்னா நானும் ஓட மாட்டேன்னு சொன்னேன்."

பியெரோ பிளாஸ்க் மூடியைத் திருகத் தொடங்கினான். திரையில் நிவெஸ் ஹெல்மெட்டைக் கழற்றினாள். நரை கலந்த முடி வியர்வையில் நெற்றியோடு ஒட்டியிருந்தது. லோரிஸின் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தாள்.

"விழுந்து எழுந்து ரெண்டு நொடி லேட்டா வந்துட்டு, பேச்சைப் பாருங்க! இவன் பிறக்கிறப்பவும் இப்படித்தான், டாக்டர் குறிச்ச தேதிக்கு மேல பத்து நாள் என்னைக் காக்க வெச்சான்."