அகூட்டிப் பொந்து

பொந்துக்குள்ளிருந்து உடும்பு வெளியே வந்தது.

முதலில் தலை. பிறகு, புடைத்த வயிறு.

அவள் கையிலிருந்த கிழங்குத் தட்டு கீழே விழுந்தது.

உடும்பு வேலிக்கு அடியில் புகுந்து சாவகாசமாகப் போனது. வயிறு நிறைந்ததற்கு என்ன அவசரம்?

அந்த உயிரியல் பூங்காவில் அகூட்டிக் கூண்டு அவள் பொறுப்பு. தென் அமெரிக்கக் காட்டுப் பிராணி. எலிச் சாதி, முயல் உயரம். கொட்டையை இரண்டு கையிலும் பிடித்து உட்கார்ந்து தின்னும். மிஞ்சியதைப் புதைத்துவிட்டு, எங்கே புதைத்தோம் என்று மறந்துவிடும். அந்த மறதிக்காகவே அவளுக்கு அதைப் பிடிக்கும்.

நான்கு நாள் முன்பு குட்டி போட்டது. ஒன்றே ஒன்று.

பிறந்த அன்றே குட்டி ஓடிப்போய் ஒரு சின்னப் பொந்தில் நுழைந்துகொண்டது. தாயால் நுழைய முடியவில்லை. வாசலில் நின்று கூப்பிட்டது. குட்டி வந்து பால் குடித்தது. திரும்ப உள்ளே போய்விட்டது.

தாய் வெளியே நின்றது.

அதைத்தான் அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரியில் தன் பிள்ளை கிடந்த பச்சைக் குழந்தைகளின் அறைக்கு வெளியே பதினோரு நாள் நின்றவள் அவள். கடைசிவரை உள்ளே விடவில்லை.

நேற்றுச் சாயங்காலம் களைக்கொத்தியை எடுத்து வந்தாள். பொந்தின் வாயை இரண்டு பக்கமும் வெட்டி அகலமாக்கினாள்.

"இனிமே உள்ள போயி புள்ளைய அணைச்சுப் படுத்துக்கடி."

புது மண்ணின் வாசனைக்கு மிரண்டு தாய் கிட்டே வரவில்லை. விடிந்தால் பழகிவிடும் என்று நினைத்து வீட்டுக்குப் போனாள்.

இப்போது பூங்காவின் மிருக டாக்டர் பொந்தின் முன்னால் குந்தியிருந்தார். வெட்டிய இடத்தைத் தடவினார்.

"யாரும்மா இத வெட்டுனது? ஆத்தாவே நுழைய முடியாத பொந்தாப் பாத்துதான் குட்டி எடம் புடிக்கும். ஆத்தா நுழைஞ்சா எல்லாந்தான நுழையும்?"

அவள் கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். நகக்கண்ணில் செம்மண் இருந்தது.

பால் கொடுக்கும் நேரம் வந்தது.

தாய் வாசலில் நின்று கூப்பிட்டது. காத்திருந்தது. மறுபடி கூப்பிட்டது.

பிறகு தலையை உள்ளே விட்டுப் பார்த்தது. தோள் நுழைந்தது. உடம்பு நுழைந்தது.

எங்கேயும் இடிக்கவில்லை. அளவாகத்தான் வெட்டியிருந்தாள்.

கூப்பிடும் சத்தம் மண்ணுக்கு அடியிலிருந்து கேட்டது.

அவள் வெளியே நின்றாள்.