பெட்டைக்கோழியின் எடை

"ஒரு கிலோ எரநூறு!"

தராசில் ஒளிர்ந்த எண்ணைப் படித்துவிட்டுத் தவசிமுத்து தொடையைத் தட்டிச் சிரித்தார். "போன ஞாயித்துக்கெழம ஒரு கிலோ நானூறு. ஒரு வார வைத்தியத்துல எரநூறு கிராமக் காணும். ஏ டாக்டரு, இன்னும் ஒரு மாசம் ஒங்கிட்ட விட்டா வெறும் றெக்கதான் மிஞ்சும் போல!"

டில்லிபாபுவுக்குக் காது மடல் சுட்டது. காலடிப்பேட்டையில் அந்த வீட்டுக் கொல்லைப்புறத்தில் அவன் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். எதிரே தராசுத் தட்டில், கால் கட்டிய பெட்டைக்கோழி. சமையலறை வாசலில் ராமசெல்வி, முகத்தில் ரத்தமே இல்லாமல்.

அவளைப் பெண் கேட்டுத்தான் அவன் போன ஞாயிறு வந்திருந்தான். அன்றைக்கும் தவசிமுத்து இதே சிரிப்புத்தான் சிரித்தார். சாத்தாங்காட்டில் அவருக்கு இரும்புக்கடை. முன்பக்கம் ஆணியும் கம்பியும் விற்பனை, பின்பக்கக் கொட்டகையில் பழைய இரும்பு வாங்குவது. அப்படிப்பட்டவர் மகளை, மாட்டாஸ்பத்திரியில் ஊசி எடுத்துக் கொடுக்கும் ஒரு படகுக்காரன் மகன் கேட்பதா?

"மீனுக்கு வல போடுத வீட்டுல பொறந்துட்டு, கோழிக்கு நாடி பாக்கானாம்" என்று மனைவி ஆவுடையம்மாளிடம் சொன்னார், அவன் காதில் நன்றாக விழும்படி.

பிறகு, ஒரு மாதமாக இளைத்துக்கொண்டே வந்த இந்தப் பெட்டையைக் கையோடு கடைக்குத் தூக்கிப்போய் நிறுத்துக்கொண்டு வந்தார். "ஒரு வாரத்துல இதுக்கு எட ஏத்திக் காட்டு. பொறவு பொண்ணப் பத்திப் பேசுவோம். ஏறலன்னா இந்தத் தெருப்பக்கம் ஒன் தல தெரியப்படாது. தூத்துக்குடி மாப்பிள்ளைக்குத் தேதி குறிச்சிருவேன்."

கடையிலிருந்து வந்த கோழியின் கால்களில் புது ஆணியின் எண்ணெய்ப் பிசுக்கு அப்பியிருந்தது. அதைக் கைக்குட்டையில் துடைத்துவிட்டுத்தான் டில்லிபாபு சோதித்தான். நெஞ்செலும்பு கத்தி முனையாக விரலைக் குத்தியது. கொண்டை வெளுத்திருந்தது. எச்சத்தைக் குச்சியால் கிளறினால் வெள்ளை வெள்ளையாகப் புழு நெளிந்தது.

"வயித்துல பூச்சி கீது அண்ணாச்சி. இது துன்றத்த எல்லாம் அதான் துன்னுது. மத்த கோழிங்களும் இத்தக் கொத்தி வெரட்டுதுங்க. தனியா வெச்சுக் கவனிக்கணும்" என்றான். பூச்சி மருந்து கொடுத்தான். கம்பும் அவித்த முட்டையும் எவ்வளவு வைப்பது என்று ராமசெல்விக்குச் சொன்னான். அந்த ஒரு வாரம் தன் சாப்பாட்டை மறந்தாலும் அவள் கோழியின் சாப்பாட்டை மறக்கவில்லை.

இப்போது டில்லிபாபு கோழியைத் தட்டிலிருந்து தூக்கினான். கையில் ஒட்டிய சிவப்புப் பொடியைக் கைக்குட்டையில் துடைத்துவிட்டு நெஞ்சைத் தடவினான். குத்திய இடத்தில் சதை பிடித்திருந்தது. கொண்டையும் செம்பருத்தி மாதிரி சிவந்திருந்தது.

"சத்தியமா தேறிகினு கீது அண்ணாச்சி. நீங்களே தொட்டுப் பாருங்க."

"தொட்டுத் தடவி எட சொல்ல நான் என்ன ஒன்ன மாதிரி மந்திரவாதியாலே? யாவாரிக்குத் தராசுதான் கண்ணு." தவசிமுத்து தராசின் தலையில் தட்டினார். காலையில் அவரே கடைக்குப் போய், வேறு யாரையும் தொடவிடாமல், ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்த தராசு. "போன வாரமும் எங் கடைத் தராசு, இந்த வாரமும் எங் கடைத் தராசு. முப்பது வருசமா நிறுக்கேன். ஒருத்தன் ஒரு கொற சொன்னதில்ல. நீ சொல்ல வந்துட்ட!"

"நம்மளத் தேடி வந்த புள்ள. கொஞ்சம் மெதுவாத்தான் பேசுங்களேன்" என்றாள் ஆவுடையம்மாள்.

"மெதுவா எதுக்குப் பேசணும்? ஒரு கோழிய வச்சுக் காப்பாத்தத் துப்பில்ல. எம்மவளக் காப்பாத்திருவானாக்கும்!"

டில்லிபாபு கோழியைத் தரையில் இறக்கினான். கோழியின் கால்கட்டை அவிழ்த்தான். எழுந்து, வாசலில் நின்றவளை ஒரு தரம் பார்த்தான்.

"வர்றேன் செல்வி. அதுக்கு மட்டும் கம்ப நிறுத்திடாத."

ராமசெல்வியின் பார்வை அவன் முகத்தில் இல்லை. அவன் கையிலிருந்த கைக்குட்டையில் இருந்தது. போன வாரம் கறுப்பு எண்ணெய் பட்ட அதே கைக்குட்டையில் இன்று துருவின் சிவப்பு.

அவள் விறுவிறுவென்று இறங்கி வந்தாள். தராசுத் தட்டில் விரலை ஓட்டி, சிவந்த விரலை அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். தவசிமுத்துவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"எப்பா, போன வாரம் நிறுத்தது விக்கிற தராசு, இது வாங்குற தராசுல்லா!"