இருபதாவது செடி

பத்தொன்பது செடிகளிலும் சிவப்புச் சாயம், தண்டில் ஆய்வு மாணவி ஷமீமா போட்ட வெட்டோடு நின்றுவிட்டது. இருபதாவதில் நிற்கவில்லை, வெட்டைச் சுற்றி வளைந்து மேலே ஏறியது. செல்லின் சவ்வில் நின்று வளர்ச்சி ஹார்மோனை அடுத்த செல்லுக்குத் தள்ளிவிடும் புரதம் இல்லாத செடி, வெட்டில் அறுந்த, நீரேற்றும் நரம்புக்குப் பதில் புது நரம்பு ஒருநாளும் போடாது என்று பேராசிரியர் தாமோதரன் எழுதிய கட்டுரை இன்று மாலையில் அச்சுக்குப் போகிறது. இந்த இருபதுக்கும் அந்தப் புரதம் கிடையாது.

“விதை மாறியிருக்கும். தூக்கிப் போடும்மா,” என்றார் தாமோதரன்.

“மரபணுவை ரெண்டு தடவை பாத்துட்டேன் சார்.”

அவர் குப்பைத்தொட்டியின் மிதியை அழுத்தினார். மூடி திறந்தது. ஷமீமா செடியை, அது நின்ற சாயக் குழாயோடு தூக்கினாள். சாயம் இலை நுனியைத் தொட இன்னும் ஒரு நெல்மணி தூரம்தான். அவர் மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை. ஆனால் அவர் கண்ணும் அந்தச் சிவப்பைவிட்டு நகரவில்லை.